மக்கிய கட்டைக்குள் ஒரு பச்சை வெளிச்சம்

மேகாலயாவில் மழைக்காலத்து இரவுகளில் காட்டுவழி நடப்பவர்கள் சிலர், டார்ச் லைட்டுக்குப் பதிலாகச் செத்த மூங்கில் கழியைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுண்டு. வடகிழக்கில் காளான் வகைகளைக் கணக்கெடுக்கப் போன ஆய்வுக்குழு ஒன்றிடம் உள்ளூர்க்காரர்கள் இதைச் சொன்னார்கள். அந்தக் காளானுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'எலெக்ட்ரிக் காளான்'. கழி எப்படி வெளிச்சம் தரும் என்று குழுவுக்கு ஆர்வம். இரவில் மூங்கில் காட்டுக்குள் கூட்டிப்போனவர் டார்ச்சையெல்லாம் அணைக்கச் சொன்னார். ஒரு நிமிடம் கும்மிருட்டு. அப்புறம் கண்ணுக்கு எதிரே, மக்கிக்கொண்டிருந்த மூங்கில் கழிகளில் பொடிப்பொடியாக ஒட்டியிருந்த காளான்கள் மெல்லிய பச்சையில் தெரிய ஆரம்பித்தன.

ஆராய்ந்து பார்த்ததில் அது அறிவியலுக்குப் புதிய வகை. 2020-இல் ரோரிடோமைசிஸ் ஃபில்லோஸ்டாகிடிஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயரின் பின்பாதி, அது முளைக்கும் மூங்கில் இனத்தின் பெயரிலிருந்து வந்தது. புதியது என்பது தாவரவியல் ஏட்டுக்குத்தான். ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன கழி. இந்தக் காளானில் ஒரு வேடிக்கை: குடை ஒளிர்வதில்லை, காம்புதான் ஒளிர்கிறது. இருட்டில் பார்த்தால் தலையில்லாத சின்னச் சின்ன திரிகள் நிற்பது போலிருக்கும்.

இப்படித் தானாக ஒளிவிடும் பூஞ்சைகள் உலகத்தில் நூறு வகைக்கு மேல் உண்டு. எல்லாம் மின்மினி மாதிரி விட்டுவிட்டு மின்னாமல், இருட்டில் ஒரே சீராக மினுங்கிக்கொண்டிருப்பவை. எல்லாவற்றின் நிறமும் ஏறக்குறைய ஒன்றே: மஞ்சள் கலந்த பச்சை. அளந்து சொன்னால் 520 முதல் 530 நானோமீட்டர் அலைநீளம். பெரும்பாலும் செத்த மரம், உதிர்ந்த சுள்ளி, இலைச்சருகு ஆகியவற்றைத் தின்று வாழ்பவை.

இங்கே ஒரு அடிப்படை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் குழப்பம் வரும். நாம் காளான் என்று பார்ப்பது பூஞ்சையின் காய் மாதிரி. மாங்காயை மட்டும் பார்த்துவிட்டு மாமரத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியுமா? பூஞ்சையின் 'மரம்' என்பது கட்டைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் நூலைவிட மெல்லிய இழைகளாகப் படர்ந்து கிடக்கும் உடம்பு. வருடம் முழுக்க அது உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஈரமும் காலமும் கூடிவரும்போது சில நாட்களுக்கு மட்டும் காளானாக வெளியே தலைகாட்டும்.

ஒளிரும் பூஞ்சைகளில் சிலவற்றுக்குக் காளான் ஒளிரும், சிலவற்றுக்கு இழை மட்டும், சிலவற்றுக்கு இரண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'மினுங்கும் மரக்கட்டை' என்று காலங்காலமாகப் பேசப்பட்டதில் பெரும்பங்கு தேன் காளான் எனப்படும் ஆர்மில்லாரியாவுடையது. தேன் நிறத்தில் கொத்துக்கொத்தாக முளைக்கும் அந்தக் காளானை இருட்டில் எவ்வளவு நேரம் முறைத்தாலும் ஒன்றும் தெரியாது. ஒளிர்வது அதன் இழைகள் மட்டுமே. அதனால் மேலே காளான் எதுவுமே இல்லாத ஒரு மக்கிய கட்டையைப் பிளக்கும்போது, பிளந்த முகம் முழுக்க மங்கலாக ஒளிரும். மரமே ஒளிர்கிறது என்று ஜனங்கள் நினைத்ததில் தப்பே இல்லை. (இதே இனத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சைதான் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலக் காட்டில் சுமார் 965 ஹெக்டேர் பரப்புக்கு ஒற்றை உயிராகப் படர்ந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய உயிர்களில் ஒன்று. அது தனிக்கதை.)

ஆங்கிலத்தில் இதற்கு 'ஃபாக்ஸ்ஃபயர்' என்று பெயர், அதாவது நரித்தீ. நம் ஊரில் இருட்டில் தெரியும் வெளிச்சம் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது கொள்ளிவாய்ப் பிசாசு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொள்ளிவாய்ப் பிசாசு சதுப்பு நிலத்தில் அலைந்து திரிவதாகச் சொல்லப்படும் வெளிச்சம், சதுப்பிலிருந்து கிளம்பும் வாயுவை வைத்து அதை விளக்குவார்கள். பூஞ்சை வெளிச்சம் இருந்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம்கூட நகராது. குழந்தைகள் அறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கரோடும் இதைச் சேர்க்கக் கூடாது. ஸ்டிக்கர் பகலில் வாங்கிய வெளிச்சத்தை இரவில் திருப்பித் தருகிறது. பூஞ்சை வாங்கியதே இல்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூட வெயிலைப் பார்க்காத, கட்டையின் நடுவில் கிடக்கும் இழையும் ஒளிரும்.

அப்படியானால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இதற்கான முதல் உருப்படியான துப்பு 1667-இல் கிடைத்தது. இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் என்ற அறிஞர், வேதியியல் பாடத்தில் 'பாயில் விதி' என்று நாம் மனப்பாடம் செய்தோமே அதே ஆள்தான், மினுங்கும் மரத்துண்டு ஒன்றைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தார். குடுவையோடு காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்று பொருத்தியிருந்தது. அறையை இருட்டாக்கிவிட்டுப் பம்பை இயக்கினார்கள். முதல் சில இழுப்புகளுக்குப் பெரிய மாற்றமில்லை. போகப்போக வெளிச்சம் சோர்ந்து, கடைசியில் மரத்துண்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு மங்கியது. பிறகு காற்றை உள்ளே திறந்துவிட்டார்கள். போன வெளிச்சம் சட்டென்று திரும்பி வந்தது.

ஆக்ஸிஜன் என்றொரு வாயு இருப்பதே அடுத்த நூறு வருடத்துக்கு யாருக்கும் தெரியாது. ஆனாலும் காற்றில் இருக்கும் ஏதோ ஒன்று இல்லாமல் இந்த வெளிச்சம் இல்லை என்று பாயிலுக்கு விளங்கிவிட்டது. அவர் அதோடு விடவில்லை. எரியும் நிலக்கரியும் காற்று இல்லாவிட்டால் அணைகிறதே, அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இரண்டுக்கும் காற்று வேண்டும், அதுவரை ஒற்றுமை. ஆனால் நிலக்கரி சுடும், புகையும், சின்ன மூடிய குடுவையில் வைத்தால் சீக்கிரமே அணைந்துவிடும். மரத்துண்டு சுடவும் இல்லை, புகையவும் இல்லை, மூடிய குடுவைக்குள் அது பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது. இந்த ஒப்பீட்டை 1668-இல் வெளியிட்டார். எனக்கென்னவோ இந்த விஷயத்தில் செய்யப்பட்ட சோதனைகளிலேயே அழகானது இதுதான் என்று படுகிறது. ஒரு மரத்துண்டு, ஒரு குடுவை, ஒரு பம்பு, அவ்வளவே.

பாயில் கண்டது எதை என்று இன்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: மூச்சு. குடுவைக்குள் இருந்தது செத்த மரம்தான், ஆனால் அதற்குள் உயிருள்ள ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அது மரத்தின் குணம் இல்லை, உள்ளே படர்ந்த பூஞ்சை இழைகளின் வேலை என்பது 19-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது.

சரி, மூச்சுவிட்டால் எல்லாம் ஒளிருமா? நாமும்தான் மூச்சுவிடுகிறோம். ஒளிருவதற்கு இரண்டு பொருள் கூடுதலாக வேண்டும். ஒன்று எரிபொருள் மாதிரி, அதன் பெயர் லூசிஃபெரின். இன்னொன்று அந்த எரிபொருளை ஆக்ஸிஜனோடு சேர்த்துவைக்கும் தரகர் மாதிரி ஒரு நொதி, அதன் பெயர் லூசிஃபெரேஸ். இரண்டு பேரும் ஆக்ஸிஜனும் கூடினால் லூசிஃபெரின் வேறொரு பொருளாக மாறும். மாறிய கணத்தில் அந்த மூலக்கூறு கொஞ்சம் கூடுதல் சக்தியோடு தவித்துக்கொண்டிருக்கும். அந்தச் சக்தியை வெப்பமாக உதறாமல் ஒரு துளி ஒளியாக உதறிவிட்டு அடங்கும். அதனால்தான் தொட்டால் சுடுவதில்லை. மின்மினியிலும் ஏற்பாடு இதே மாதிரிதான், ஆனால் அதன் லூசிஃபெரின் வேறு, பூஞ்சையின் லூசிஃபெரின் வேறு. லூசிஃபெரின் என்பது ஒரே ஒரு பொருளின் பெயர் கிடையாது, வேலையின் பெயர்.

இப்படி இரண்டு பொருள் இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 1880-களில் ரஃபேல் துபுவா என்ற பிரெஞ்சு அறிஞர் ஒளிரும் வண்டுகளை வைத்து ஒரு சமையலறை வித்தை செய்தார். ஒளி உறுப்பைக் குளிர்ந்த தண்ணீரில் அரைத்தால் சாறு கொஞ்ச நேரம் ஒளிர்ந்து தானாக அணைந்துவிடும். அதில் எரிபொருள் தீர்ந்துபோகிறது, நொதி மிச்சம் இருக்கிறது. இன்னொரு உறுப்பைச் சுடுதண்ணீரில் போட்டால் ஒளி உடனே போய்விடும். சூட்டில் நொதி கெட்டுவிட்டது, எரிபொருள் மிச்சம். அணைந்துபோன இரண்டு சாறுகளையும் ஆறவிட்டு ஒன்றாக ஊற்றினால் திரும்பவும் ஒளிர்கிறது! இரண்டு பேரும் இருட்டாக இருந்து, சேர்ந்ததும் வெளிச்சம்.

பூஞ்சைகளிடம் இந்த வித்தை லேசில் பலிக்கவில்லை. 1959-இல்தான் ஆய்வகத்தில் பூஞ்சைச் சாறுகளைக் கலந்து ஒளி வரவழைக்க முடிந்தது. பூஞ்சை லூசிஃபெரின் இன்னதென்று உறுதியானது 2015-இல், நேற்று மாதிரி. அதன் பெயர் மூன்று-ஹைட்ராக்ஸி-ஹிஸ்பிடின். பெயரை மறந்துவிடுங்கள், அது எதிலிருந்து வருகிறது என்பதுதான் சுவாரசியம். பூஞ்சை அதைக் காஃபிக் அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. காப்பியில் உள்ள காஃபீன் வேறு, இது வேறு. ஆனால் இதுவும் காப்பிக்கொட்டை உட்பட எத்தனையோ செடிகொடிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள். காஃபிக் அமிலம் ஹிஸ்பிடின் ஆகிறது, ஹிஸ்பிடின் லூசிஃபெரின் ஆகிறது, லூசிஃபெரின் ஒளிவிட்டுச் சக்கையாகிறது, சக்கையை இன்னொரு நொதி திரும்பக் காஃபிக் அமிலம் ஆக்கிவிடுகிறது. செக்குமாடு போல ஒரே வட்டம். இதற்கான மரபணுக்கள் மொத்தமும் 2018-இல் கைக்கு வந்தன.

செடிகளிடமும் காஃபிக் அமிலம் உண்டு என்றேன் அல்லவா? அந்தப் பூஞ்சை மரபணுக்களைப் புகையிலைச் செடிக்குள் வைத்துப் பார்த்தார்கள். 2020-இல் வேர் முதல் பூ வரை தானாகவே ஒளிரும் புகையிலைச் செடி வந்தது. 2024-இல் அமெரிக்காவில் அதே முறையில் ஒளிரும் பெட்டூனியா பூச்செடி வீட்டுத் தொட்டிக்கே விற்பனைக்கு வந்துவிட்டது. உளுத்த கட்டையில் தொடங்கிய சரக்கு நர்சரி கடை வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஈரம், காற்று, மிதமான சூடு: இந்த மூன்றில் எது குறைந்தாலும் வெளிச்சம் குறையும், ஏனென்றால் ஒளிர்வது உயிருள்ள ஒன்று. இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள் அமெரிக்க விடுதலைப் போர்க்காரர்கள். டேவிட் புஷ்நெல் என்பவர் 'டர்ட்டில்' என்று ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய நீர்மூழ்கியை மரத்தில் செய்தார். பிரிட்டிஷ் கப்பலின் அடியில் வெடியைப் பொருத்திவிட்டு வரத் திட்டம். தண்ணீருக்கடியில் திசைகாட்டியையும் ஆழமானியையும் எப்படிப் பார்ப்பது? மெழுகுவர்த்தி ஏற்றினால் உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றையும் அதுவே குடித்துவிடும். அந்தக் காற்றே சுமார் அரைமணி நேரத்துக்குத்தான் போதும். அதனால் கருவிகளில் மினுங்கும் மரத்துண்டுகளைப் பொருத்தினார்கள். அதுவும் மூச்சுவிடும்தான், ஆனால் மனிதனோடு போட்டி போடும் அளவுக்கு இல்லை. பிரச்சினை வேறு வழியில் வந்தது. 1775-இன் கடைசியில் உறைபனி இறங்கியதும் மரத்துண்டுகள் ஒளிர்வதை நிறுத்திக்கொண்டன. விளக்கில்லாமல் வேலையைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் செப்டம்பரில் நியூயார்க் துறைமுகத்தில் தாக்குதலுக்குப் போனார்கள். வெடி கப்பலில் பொருந்தவில்லை, அது வேறு விஷயம்.

எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி: பூஞ்சைக்கு இந்த வெளிச்சத்தால் என்ன லாபம்? இங்கேதான் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகவில்லை, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பிரேசிலில் பனை இனங்களின் அடியில் முளைக்கும் ஒரு பெரிய ஒளிரும் காளான் உண்டு. 'தேங்காய்ப்பூ' என்று பொருள்படும் 'ஃப்ளோர் டி கோகோ' என்பது அங்கே அதன் பெயர். ஜார்ஜ் கார்ட்னர் என்ற தாவரவியலாளர் 1839-இல் ஓர் ஊர்த் தெருவில் பையன்கள் அதை வைத்து விளையாடுவதைப் பார்த்து, முதலில் மின்மினி என்று நினைத்தாராம். அந்தக் காளானை 2015-இல் ஆராய்ந்தவர்கள், அது இராப்பகல் ஒரே அளவில் ஒளிர்வதில்லை, உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்து இரவில் கூட்டிப் பகலில் குறைக்கிறது என்று கண்டார்கள். பகலில் யாருக்கும் தெரியாத வெளிச்சத்தைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்கிறது என்றால், இரவில் யாருக்கோ காட்டத்தான் என்று தோன்றும் இல்லையா? அக்ரிலிக்கில் பொய்க் காளான்கள் செய்து, சிலவற்றுக்குள் பச்சை எல்இடி வைத்து, மேலே பசை தடவிக் காட்டில் நட்டுவைத்தார்கள். எல்இடி எரிந்தவற்றில் வண்டு, ஈ, குளவி, எறும்பு எல்லாம் கூடுதலாக ஒட்டிக்கொண்டன. காற்றே வீசாத அடர்காட்டின் தரையில் பூச்சிகள் வந்து வித்துத்தூளைச் சுமந்துபோனால் காளானுக்கு லாபம்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவில் 'பேய்க் காளான்' என்று அழைக்கப்படும் வேறொரு ஒளிரும் காளானை வைத்து இதே மாதிரி பார்த்தவர்கள், வெளிச்சத்துக்காகப் பூச்சிகள் கூடுதலாக வரவில்லை என்று கை விரித்துவிட்டார்கள். அப்புறம் கட்டைக்குள்ளேயே ஒளிரும் ஆர்மில்லாரியா இழைகள் யாருக்குக் காட்டுகின்றன? கரையானுக்கா? இன்னொரு இக்கட்டு: பனெல்லஸ் ஸ்டிப்டிகஸ் என்று ஒரு சின்ன விசிறிக் காளான். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருப்பது பிரமாதமாக ஒளிரும். அதே வகை ஐரோப்பாவில் ஒளிர்வதே இல்லை. ஒளிராமலும் அது அங்கே நன்றாகத்தான் பிழைக்கிறது.

அதனால் வேறொரு கட்சியும் இருக்கிறது. மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினை உடைத்துத் தின்பது லேசான காரியம் இல்லை. அதில் உயிரணுவைப் புண்ணாக்கும் வேதிப்பொருட்கள் வரும். அவற்றைச் சமாளிக்கும் வேலையின் பக்க விளைவாகவே ஒளி வருகிறது என்பது அவர்கள் வாதம். என்னைக் கேட்டால், நூறு வகைக்கும் ஒரே காரணம் தேடுவதே தப்பு. பக்க விளைவாக வந்த வெளிச்சத்தைப் பிரேசில் காளான் மாதிரி சிலது பிற்பாடு விளம்பரப் பலகையாக்கிக்கொண்டிருக்கலாம்.

இந்தியாவில் இதைப் பார்க்க மேகாலயா வரை போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் சரணாலயத்திலும் கோவாவின் மாதேய் காட்டிலும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் சுள்ளிகளும் சருகுகளும் ஒளிர்வதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். அங்கே பெரும்பாலும் மைசீனா என்ற சின்னக் காளான் இனத்தின் வேலை.

தமிழ்நாட்டில் சதுரகிரி பக்கம் போனால் 'சோதிப்புல்' என்ற பெயர் காதில் விழும். பகலில் சாதாரணப் புல், இரவில் ஒளிரும்; காய்ந்த வேரை ஈரத்துணியில் சுற்றிவைத்தால் மறுபடி ஒளிரும் என்பார்கள். இயற்கையில் தானாக ஒளிரும் செடி என்று ஒன்று அறியப்படவே இல்லை. ஆனால் காய்ந்தால் அணைவதும் நனைத்தால் திரும்புவதும் ஒளிரும் பூஞ்சையின் அச்சு அசலான குணம். மேலே சொன்ன பனெல்லஸ் காளானைக் காயவைத்து எடுத்து நனைத்தாலும் அப்படித்தான் உயிர்பெறும். சித்தர் மூலிகை என்று யாராவது கொடுத்தது உண்மையிலேயே ஒளிர்ந்தால், அந்த வேரில் பூஞ்சை ஏறியிருக்கிறது என்பதுதான் என் ஊகம்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். ஒளிர்கிறதே என்று பறித்துக் குழம்பு வைத்துவிடாதீர்கள். ஜப்பானில் 'நிலவிரவுக் காளான்' என்ற பொருளில் அழைக்கப்படும் ஒளிரும் வகையைச் சாப்பாட்டுக் காளான் என்று நம்பித் தின்று வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரணாலயத்திலிருந்து சுள்ளியைக்கூட எடுத்துவரக் கூடாது.

இணையத்தில் வரும் படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் ஏமாற்றம் நிச்சயம். அந்தப் பளீர்ப் பச்சை, கேமரா அரை நிமிடமோ அதற்கு மேலோ கண் திறந்து சேர்த்த வெளிச்சம். நம் கண்ணில் மங்கலில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, அதனால் பல நேரம் பால் கலந்த சாம்பல் நிறமாகத்தான் தெரியும். நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். இருட்டில் இருபது முப்பது நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அதுவரை கண் பழகாது. தெரிகிற மாதிரி இருந்தால் அதையே உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள், கண்ணின் நடுவைவிட ஓரத்துக்குத்தான் இருட்டில் கூர்மை அதிகம். எல்லோருக்கும் தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் கூட்டத்தில் ஒருவர் மணி என்ன என்று பார்க்க மொபைலை எடுப்பார். அப்புறம் என்ன, இன்னொரு இருபது நிமிடம் உட்கார வேண்டியதுதான்.